தன்மை ஒருமை

வியன்னா. மூன்றாம் நாள். ஏழாம் பத்தி.
யூத வெறுப்பு குறித்து இம்மாநாடு
கவலை கொள்கிறதா, ஆழ்ந்த கவலை கொள்கிறதா?
நாற்பத்தொரு நாடுகள்
ஒரு சொல்லை இரு முனையும் பிடித்து
ஈரத் துணிபோல் பிழிகின்றன.

பின்சுவரில், உயரத்தில்,
கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் கொர்னேலும்.
அரைமணிக்கு ஒருவர்.
எங்கள் தொழிலுக்கு ஒரே விதி:
பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்.
'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.
இருபது வருடத்தில் நான்
மீன்வள அமைச்சராக இருந்திருக்கிறேன்,
எல்லைக் காவல் தளபதியாக,
ஒருமுறை பேராயராக.
மாலையில் எல்லாரையும் கழற்றி வைத்துவிட்டு
டிராம் ஏறுவேன்.

பதினொன்றரைக்கு
த்ரியெஸ்தேயிலிருந்து ஒர்னெல்லா மொர்புர்கோ.
மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.
உரை எதுவும் எழுதி வரவில்லை.
கடைக் கதவிடுக்கில் செருகியிருந்த கடிதங்கள் நான்கு,
இதுதான் சிறியது, என்றார்,
உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.
வாசித்தார்.

வாசித்தேன்.
'நீ எத்தனை மணிக்குக் கடை திறக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.
உன் மகள் எந்தப் பேருந்தில் வருகிறாள், தெரியும்.
அன்றைக்கே உங்களை முடிக்காமல் விட்டது தப்பு.
நான் முடிப்பேன்.'
என் குரல் இதமானது என்பார்கள்.
அந்த இதத்தோடுதான் போனது
ஹங்கேரியக் காதுகளுக்குள்.

கடைசியில் ஒரு வசை.
துறைமுகத்து வட்டார வழக்கு,
முன்தினம் அனுப்பிய சொற்பட்டியலில் இல்லாதது.
கொர்னேல் அகராதியைத் திறப்பதற்குள்
என் வாய் சொல்லிவிட்டது.
சரியான சொல். அதே எடை, அதே அழுக்கு,
ஓரத்தில் அதே இளிப்பு.
கொர்னேல் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

எங்கே கற்றேன்?
மிஷ்கோல்ஸில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள்,
கெண்டைமீன் சூப்புக்கும் கசகசா ரொட்டிக்கும் நடுவில்.
செல்பேசியில் ஏதோ காணொளியைக் காட்டி
தம்பி பர்னபாஷ் சொன்னான்.
அவன் மகன் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்,
புதுப் பல்லால் எதையோ கடித்துப் பார்ப்பதுபோல்.
நான் உப்பைக் கேட்டேன்.
அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

இடைவேளையில், கழுவறையில்,
வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக் குழாயில் அவர்.
கூண்டுக்காரர்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை,
என்னை அவருக்குத் தெரியாது.
'உங்கள் கண்ணாடி சரிகிறது.'
கேட்காமலே என் முகத்திலிருந்து எடுத்து
அரிசிமுனை அளவுத் திருப்புளியால்
திருகாணியை முடுக்கினார்.
மங்கலில் நின்றேன்.
சற்றுமுன் உங்களை மிரட்டியது நான்தான், என்று
அவர் மொழியிலேயே சொல்ல எனக்கு வரும்.
நன்றி, என்றேன்.
'இடது காதில் கொஞ்சம் அழுத்தும். பழகிவிடும்.'
கதவருகே திரும்பினார்.
'இல்லை, பழக விடாதீர்கள். கடையில் காட்டுங்கள்.'

ஐந்தே முக்காலுக்கு 'ஆழ்ந்த' நிறைவேறியது.
கைதட்டினார்கள். நானும்.
அந்த ஒரு சொல்லுக்காக
ஒரு லாத்வியப் பெண் இரண்டு இரவு உறங்கவில்லை.
அதைக் காட்டித்தான் நாளை ஏதோ ஓர் ஊரில்
ஒரு வாசலுக்குக் காவலும்
ஒரு பள்ளிக்கு ஒரு பாடவேளையும் கேட்க முடியும்.
ஆனால் மிஷ்கோல்ஸ் சாப்பாட்டு மேசைவரை
ஏழாம் பத்தி தானாக நடந்து போகாது.

டிராம் நிறுத்தம். தம்பியின் எண்.
நான்காம் மணிக்கு எடுத்தான்.
பின்னால் தொலைக்காட்சி, பையனின் சிரிப்பு.
'என்னக்கா, இந்த நேரத்தில்?'
காதில் முன்னால் ஓடும் குரல் ஏதுமில்லை.
'நான்,' என்று ஆரம்பித்தேன்.
டிராம் வந்து நின்றது.
ஏறவில்லை.